கடைக்கு எந்த ஏர்கோன் பொருத்தம்?

கடைவீட்டுக்கு ஏர்கோன் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" பெரிதாகப் போட்டால் நல்லது என்ற எண்ணம். சிக்கலே அங்குதான்!

சிங்கப்பூரில் வெப்பத்தோடு ஈரப்பதமும் அதிகம். அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சட்டெனக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை வடித்தெடுக்க அதற்கு நேரமிருக்காது. உடம்பு சில்லிடும், சுவரில் பூஞ்சணம் பூக்கும். துணிக்கடை என்றால் சரக்கே பாழ்.

ஆகவே குத்தகையாளரிடம் வெப்பக் கணக்கைக் கேளுங்கள். சதுர அடி மட்டும் போதாது. மேற்கு வெயில் விழும் கண்ணாடி, விளக்கு, அடுப்பு, வந்துபோகும் கூட்டம் எல்லாம் சேரவேண்டும். அவர் சொல்லும் 'டன்' எடையல்ல. 1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும் திறன்.

கீழே உணவகம், மேலே அலுவலகம் என்றால் அறைக்கு அறை தனியே இயங்கும் விஆர்எஃப் முறை ஏற்றது. உயரமான கட்டடங்களுக்குக் குளிர்நீர் முறை. மரினா பேயில் 2006 முதல் நிலத்தடி நிலையத்திலிருந்தே பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் போகிறது.

பாரம்பரியக் கடைவீடா? வெளி இயந்திரத்தை எங்கு வைக்கலாம் என்பதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. முன்பணம் கட்டுமுன் விசாரித்துவிடுங்கள்.