பாம்புக்கடி: குறிகளை அறிதலும் காலத்தே செய்ய வேண்டுவனவும்

அவசர சிகிச்சைப் பாடத்தில் தேர்வு எழுதும் மருத்துவ மாணவர்களிடம் ஒரு வினா பலவிதமாகக் கேட்கப்படுவதுண்டு. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்த ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுகிறார். சற்று நேரத்தில் அவரால் கண்ணிமைகளைத் தூக்க முடியவில்லை. எச்சிலை விழுங்கவும் முடியவில்லை. உடலில் காயம் எதுவும் தென்படவில்லை. நோய் யாது? செய்ய வேண்டுவது யாது? கட்டுவிரியன் கடி என்று விடை எழுதும் மாணவர் மதிப்பெண் பெறுவார். ஆனால் இவ்வினாவை உண்மையில் முதலில் எதிர்கொள்வோர் மாணவர்கள் அல்லர். கடிபட்டவரின் வீட்டாரும் அண்டை அயலாருமே ஆவர். அவர்கள் பிழையாக விடை கண்டால் இழப்பது மதிப்பெண் அன்று, ஓர் உயிர். ஆகவே டாக்டர்கள் கற்கும் இப்பாடத்தின் சாரத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது மிகவும் அவசியமென்று கருதுகிறோம்.

நிலைமை

2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராம மக்கள். ஆஸ்பத்திரியை அடையாமலே மாண்டவர்களே அதிகம். மருந்து இருந்தும் அது உரிய காலத்தில் கிட்டாமையே இத்துயரத்தின் முக்கிய காரணம் என்பது இதனால் விளங்கும்.

நான்கு பாம்புகளும் இருவகைக் குறிகளும்

நம் நாட்டில் உயிர்ச்சேதம் விளைவிப்பவற்றுள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் பிரதானமானவை. விஷம் வேலை செய்யும் முறையை நோக்கினால் இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை நரம்பைத் தாக்குவது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் இவ்வகையின. நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாதபடி விஷம் தடுக்கிறது. முதலில் இமைகள் சரிகின்றன, பார்வை இரட்டையாகிறது, நாக்குக் குழறுகிறது, விழுங்குவது கடினமாகிறது, இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. நல்ல பாம்பு கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் உண்டாகும். தோல் கறுத்து அழுகுவதும் உண்டு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், உறங்குபவரைக் கடிப்பது. அதன் பல் சிறியது. வலியும் வீக்கமும் அநேகமாக இரா. ஆகவேதான் கடிபட்டது தெரியாமலே பலர் வயிற்றுவலி என்று எண்ணிக் காலத்தைப் போக்கிவிடுகின்றனர்.

இரண்டாம் வகை இரத்தத்தைத் தாக்குவது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இதைச் சேர்ந்தவை. இரத்தம் உறையும் தன்மையை இவ்விஷம் அழித்துவிடுகிறது. கடிபட்ட இடத்தில் கடும் வலியும் ஏறிவரும் வீக்கமும் காணும். பல் ஈறிலிருந்தும், கடிவாயிலிருந்தும், பழைய புண்களிலிருந்தும் இரத்தம் கசியும். சிறுநீர் சிவந்து வரும். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் சிறுநீர் குறைந்து நின்றுவிடுவதும் உண்டு.

இக்குறிகளுக்காகக் காத்திருக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. கடி என்று ஐயம் எழுந்தவுடனேயே புறப்பட வேண்டும். வழியில் எந்தக் குறி எப்பொழுது தோன்றிற்று என்று கவனித்து டாக்டரிடம் கூறினால், சிகிச்சை விரைவில் தொடங்க அது பெரிதும் உதவும்.

உடனே செய்ய வேண்டுவன

1. கடிபட்டவருக்குத் தைரியம் கூறுக. விஷமற்ற பாம்புகள் பல. விஷப்பாம்பும் எல்லா வேளையிலும் விஷத்தைச் செலுத்துவதில்லை.

2. அவரை நடக்கவோ ஓடவோ விடலாகாது. கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், மூங்கில் பட்டையோ பலகையோ வைத்து ஆடாதபடி தளர்வாகக் கட்டுக.

3. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை உடனே கழற்றுக. வீக்கம் ஏறினால் அவை இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

4. 108-க்குத் தொலைபேசியில் தெரிவித்து, கிடைக்கும் வாகனத்தில் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. வாந்தி எடுப்பவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

5. கடித்த நேரத்தையும், கொடுத்த மருந்து ஏதேனும் இருப்பின் அதையும் குறித்துக்கொள்க. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. அதைத் தேடிச் சென்று இன்னொருவர் கடிபட்டதும் உண்டு.

செய்யத் தகாதன

கயிற்றாலோ துணியாலோ இறுகக் கட்டுவது தவறு. விஷத்தை அது நிறுத்துவதில்லை. ஆனால் இரத்த ஓட்டம் நின்று உறுப்பையே இழக்க நேரிடலாம். ஏற்கெனவே யாரேனும் கட்டியிருந்தால் வழியில் திடீரென்று அவிழ்க்காமல், டாக்டர் முன்னிலையிலேயே அவிழ்க்க வேண்டும். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சூடு போடுவது, பனிக்கட்டி வைப்பது ஆகியவையும் கேடானவையே. இரத்தம் உறையாத நிலையில் கத்தியால் கீறினால் குருதிப்போக்கை நிறுத்துவது அரிது.

சிறியாநங்கை இலையை மெல்லச் செய்து, கசப்புத் தெரியவில்லையென்றால் விஷம் ஏறியது என்று சோதிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நாவின் சுவை விஷத்தை அளக்கும் கோலன்று. மந்திரித்தலும் அத்தகையதே. விஷம் செலுத்தப்படாத கடியில் அது பலித்ததுபோல் தோன்றும். விஷம் ஏறிய கடியிலோ பொன்னான நேரம் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் நடப்பது

அங்கு டாக்டர் முதலில் மூச்சையும் நாடியையும் கவனிக்கிறார். பின்னர் எளிய சோதனை ஒன்று நடைபெறுகிறது. நோயாளியின் இரத்தத்தில் 2 மில்லி எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் இரத்தத்தில் விரியன் விஷம் கலந்துள்ளது என்று பொருள். கட்டுவிரியன், நல்ல பாம்பு ஆகியவற்றின் கடியில் இரத்தம் உறைந்துவிடும். அங்கே இமை சரிதலும் மூச்சுத் தளர்ச்சியுமே அடையாளம். குறி எதுவும் இல்லாதவரையும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பது முறை.

விஷமுறிவு மருந்து ஒன்றே. அது நான்கு பாம்புகளுக்கும் பொருந்தும். சிறிதளவு விஷத்தைக் குதிரைகளுக்குப் பன்முறை செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து இதைத் தயாரிக்கின்றனர். அதற்கு வேண்டிய விஷத்தை அளிப்பதில் தமிழ்நாட்டுக்குத் தனிச்சிறப்புண்டு. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இப்பணியைச் செய்து வருகிறது. பாம்பு பிடிக்கும் கலையில் வல்ல இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

விஷம் ஏறிய குறி தெரிந்தால் முதலில் 8 முதல் 10 குப்பி மருந்தை இரத்தக் குழாயின் (சிரையின்) வழியே செலுத்துகின்றனர். குழந்தைகளுக்கும் அளவு அதுவே. ஏனெனில் பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் பருமனைப் பார்த்துக் குறைவதில்லை. சிலருக்கு இம்மருந்து ஒவ்வாமல் இரத்த அழுத்தம் வீழ்ந்து மூச்சுத் திணறக்கூடும். அதைச் சமாளிக்க அட்ரினலின் மருந்து தயாராக இருக்க வேண்டும். ஆகவே வீட்டில் வைத்து ஊசி போடக்கூடிய மருந்தன்று இது.

இம்மருந்து இரத்தத்தில் திரியும் விஷத்தைப் பற்றிக்கொள்ளுமேயன்றி, நரம்பு நுனியை ஏற்கெனவே சிதைத்துவிட்ட விஷத்தின் செயலை மாற்றாது. காலதாமதம் ஏன் கூடாது என்பதற்கு இதுவே விளக்கம். கட்டுவிரியன் கடியில் நரம்பு நுனிகள் மீள்வதற்குச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி உயிரைக் காக்கும். அந்நாட்களில் நோயாளி கண் திறவார், கை அசையார். ஆயினும் அருகில் பேசுவது அவர் செவியில் விழக்கூடும். இந்நிலையைக் கண்டு உயிர் போயிற்றென்று முடிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாகாது. வழியில் மூச்சு நின்றாலும் நம்பிக்கை இழக்காமல், பயின்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிக்கொண்டே கொண்டு சேர்த்தால் பிழைக்க வழியுண்டு.

பஞ்சாயத்தின் பொறுப்பு

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகப் பிரகடனம் செய்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை கடிகள் என்பது தெரிந்தால்தான் மருந்தைத் தேவையான இடத்தில் இருப்பு வைக்க இயலும். விஷமுறிவு மருந்து மிக அருகில் எங்குள்ளது, இரவிலும் அங்கு டாக்டர் உண்டா, சுவாசக் கருவி எந்த ஆஸ்பத்திரியில் உள்ளது என்ற மூன்று செய்திகளையும் பஞ்சாயத்து கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் வாகனம் தரக்கூடியவர்களின் பட்டியலும் வேண்டும். கிராம சபையில் இதைப் பொருளாக எடுத்து முடிவு செய்யலாம்.

தடுப்பு முறைகள் செலவு மிக்கவை அல்ல. இரவில் வரப்பிலும் தெருவிலும் நடப்போர் விளக்கும் செருப்பும் இன்றிச் செல்லலாகாது. கட்டிலில் படுப்பதும், தரையில் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின்கீழ் செருகிக்கொள்வதும் கட்டுவிரியனிடமிருந்து காக்கும். நெற்குதிரும் வைக்கோற்போரும் விறகும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். ஆதலால் இவற்றைப் படுக்குமிடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தெருவிளக்கு எரிவதும் குப்பைமேடு அகல்வதும் பஞ்சாயத்தின் கையில் உள்ளவை. மழைக்காலம் தொடங்கும் முன்னரே இவ்வேலைகளை முடித்து, மேற்கூறிய மூன்று செய்திகளையும் ஊரில் அனைவரும் அறியச் செய்யுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.