எடையின்மை: மறைவது ஈர்ப்பா, தாங்கலா?

விண்கலத்தினுள் வீரர்கள் மிதப்பதைப் படங்களில் காண்போர், அங்குப் புவியின் ஈர்ப்பு இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றிவரும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், தரைமட்டத்தில் உள்ள ஈர்ப்பில் சுமார் 89 விழுக்காடு செயற்படுகிறது. அவ்வீர்ப்பு இல்லையெனில் நிலையம் புவியைச் சுற்றாது; நேர்கோட்டில் விலகிச் சென்றுவிடும்.

அங்ஙனமாயின் வீரர்கள் மிதப்பது எவ்வாறு? எடை என நாம் உணர்வது எதனை என்று முதலில் ஆராய வேண்டும். ஈர்ப்பு நம்மைக் கீழே இழுக்கிறது. தரை நம்மை மேல்நோக்கித் தாங்குகிறது. அத்தாங்கலையே நாம் எடையாக உணர்கிறோம். எடைப்பொறி காட்டுவதும் அதனையே. இதற்குத் தோற்ற எடை என்று பெயர்.

மின்தூக்கியினுள் எடைப்பொறியின் மீது 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். மின்தூக்கி அசையாதிருப்பினும் சீரான வேகத்தில் செல்லினும் பொறி 60 காட்டும். வேகம் வினாடிக்கு 2 மீட்டர் வீதம் ஒவ்வொரு வினாடியும் கூடி மேலெழும்போது ஏறத்தாழ 72 காட்டும். அதே முடுக்கத்துடன் கீழிறங்கும்போது சுமார் 48 ஆகக் குறையும். வடம் அறுந்து தடையின்றி விழுமானால் சுழியையே காட்டும். மனிதரும் பொறியும் ஒரே முடுக்கத்துடன் விழுவதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. ஈர்ப்பு குறையவில்லை, தாங்கலே மறைந்தது.

விண்கலமும் இவ்வாறே இடைவிடாது விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு வினாடியில் அது சுமார் 7.7 கிலோமீட்டர் முன்னோக்கிச் செல்கிறது. அதே வினாடியில் ஏறத்தாழ 4.3 மீட்டர் புவியை நோக்கி விழுகிறது. புவி உருண்டையாதலின் அத்தொலைவில் அதன் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவே வளைந்து தாழ்கிறது. எனவே கலம் விழுந்துகொண்டே இருந்தும் தரையை எட்டுவதில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. தாங்கலை இழந்த உடலில், எடையைச் சுமக்கும் எலும்புகள் திங்களுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை செறிவு குன்றுகின்றன, தசைகளும் தளர்கின்றன. 1984 ஏப்ரலில் சல்யூட்-7 நிலையத்தில் தங்கிய ராகேஷ் சர்மா, இவ்விளைவுகளை எதிர்கொள்ள யோகப் பயிற்சி உதவுமா என்று ஆராய்ந்தார். 2025-இல் பன்னாட்டு நிலையத்திற்குச் சென்ற சுபான்ஷு சுக்லா தசைகள் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். நிலையத்தில் நெடுநாள் தங்குவோர் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். ஓடும்போது மீள்வார்களால் தம்மை ஓடுதளத்துடன் பிணைத்துக்கொள்கின்றனர். உடல் இழந்தது ஈர்ப்பையன்று, தாங்கலையே என்று தெளிந்தமையால்தான் இத்தீர்வு பிறந்தது.