கூட்டுப்புழுவுக்குள் அழியாமல் எஞ்சும் நரம்புகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரின் தென்கிழக்கே, நான் வசிக்கும் பிளாட் புஷ் புறநகர்ப் பகுதியில், கோடை வந்துவிட்டால் வீட்டுத் தோட்டங்களில் ஸ்வான் செடிகளைக் காணலாம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாக வேண்டும் என்பதற்காகவே பலர் இவற்றை நட்டு வளர்க்கிறார்கள். வரிவரியான புழு பச்சைக் கூடாகி, சில வாரங்களில் இறக்கைகளுடன் வெளிவருகிறது. இடையில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால், புழு முழுவதும் கரைந்து கூழாகி, அதிலிருந்து புதிய உடல் உருவாகிறது என்பதே பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை.

இந்த விடையில் பாதிதான் உண்மை. ஊர்வதற்கு உதவிய தசைகளில் பெரும்பாலானவை கூட்டுக்குள் அழிந்துவிடுகின்றன. ஆனால் அத்தசைகளை இயக்கிய நரம்பணுக்களில் பல அழிவதில்லை. புகையிலைச் செடியை உண்ணும் ஒரு வகை அந்துப்பூச்சியை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ட்ரூமன் குழுவினர், புழுவின் தசையை இயக்கிய அதே நரம்பணு, கிளைகளை மாற்றி அமைத்துக்கொண்டு, வளர்ந்த பூச்சியிலும் பணியாற்றுவதை 1976ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எக்டைசோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் நரம்பு தனது பழைய கிளைகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. தசையுடனான பழைய இணைப்பு கலைகிறது. பின்னர் புதிய கிளைகள் வளர்கின்றன. ஆட்சி மாறிய பின்னும் அதே அதிகாரிகள் புதிய துறைகளில் தொடர்வதைப் போன்றது இது என்று, அரசியல் படித்தவன் என்ற முறையில், எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இந்த மறுசீரமைப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெளிவாக்கியதில் இந்திய ஆய்வாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. விஜயராகவனும் ஜாய்ஸ் பெர்னாண்டஸும், பிரிட்டனின் மைக்கேல் பேட்டுடன் இணைந்து, பழ ஈயின் பறக்கும் தசைகள் உருவாகும் விதத்தை 1991இல் விவரித்தனர். அந்தத் தசைகளுக்கு நரம்புகள் வந்து சேரும் விதத்தை விஜயராகவனும் பெர்னாண்டஸும் 1993இல் வெளியிட்டனர். விஜயராகவன் பின்னாளில் பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் இயக்குநராகவும், 2018 முதல் 2022 வரை இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராகவும் இருந்தவர்.

பழ ஈ நொடிக்குச் சுமார் 200 முறை இறக்கையடிக்கிறது. இறக்கையைக் கீழ்நோக்கி இயக்கும் தசையில் பக்கத்துக்கு ஆறு இழைகள் உள்ளன. இந்த ஆறும் வெறும் வெளியில் தோன்றுவதில்லை. புழுவின் தசைகள் அழியும்போது மார்புப் பகுதியில் மூன்று இழைகள் மட்டும் விட்டுவைக்கப்படுகின்றன. தசையாக மாறவிருக்கும் இளம் உயிரணுக்கள் வந்து இவற்றுடன் ஒன்றிணைகின்றன. மூன்றும் பிளந்து ஆறாகின்றன. பழைய நரம்பும் தனது கிளைகளைத் திருத்தியபடி உடன் செல்கிறது. இறக்கையை மேல்நோக்கி இயக்கும் தசைகளுக்கோ இத்தகைய பழைய அடித்தளம் இல்லை. அவை முற்றிலும் புதிதாகவே உருவாக வேண்டும்.

அப்படியானால் யார் யாரை வழிநடத்துகிறார்கள், நரம்பு தசையையா, தசை நரம்பையா? பெர்னாண்டஸ் பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹெய்க் கெஷிஷியனுடன் இதனைச் சோதித்தார். 1998இல் வெளியான அந்த ஆய்வில், நரம்பு நீக்கப்பட்டபோது தசைக்கான இளம் உயிரணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. மேல்நோக்கி இயக்கும் தசைகள் உருவாகவே இல்லை. ஆனால் பழைய இழைகளின் மீது எழும் கீழ்நோக்கு இயக்கத் தசைகள் நரம்பு இல்லாமலும் உருவாகின. பழைய இழைகளை மட்டும் அகற்றி, நரம்பை விட்டுவைத்தாலும் அவை உருவாகின. இரண்டையும் ஒருசேர அகற்றியபோது மட்டுமே அவை உருவாகவில்லை. பழைய இழையோ பழைய நரம்போ, ஏதேனும் ஒன்று எஞ்சியிருந்தால் போதும் என்பதே இதன் பொருள். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான முடிவு இதுதான்.

தசையின் வளர்ச்சியைச் செயற்கையாகத் தாமதப்படுத்தியும் அவர்கள் பார்த்தனர். நரம்பு தனது முதன்மைக் கிளைகளைத் தவறாமல் விட்டது. நுண்கிளைகளை விடுவதற்கோ, தசை உரிய நிலையை எட்டும் வரை அது காத்திருந்தது.

ஈயில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. பூச்சிகளின் நரம்பு தசைக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள் குளூட்டமேட்; நம்முடையதோ அசிட்டைல்கோலின். ஆயினும் பாலூட்டிகளிலும் இணைப்புகள் திருத்தப்படுகின்றன. பிறக்கும்போது எலியின் ஒரு தசை இழையைப் பல நரம்புகள் பற்றியிருக்கும். சில வாரங்களுக்குள் ஒன்றைத் தவிர மற்றவை விலகிவிடுகின்றன. மனிதத் தசை காயமுறும்போது அதனைச் சீர்செய்ய உதவும் துணை உயிரணுக்கள் ஈயிடம் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வளர்ந்த ஈயின் பறக்கும் தசையிலும் அத்தகைய உயிரணுக்கள் ஒதுங்கியிருப்பதையும், தசை காயமுற்றால் அவை பெருகத் தொடங்குவதையும் விஜயராகவனின் பெங்களூர் ஆய்வுக்குழு 2017இல் கண்டறிந்தது.