விபத்தில் அடிபட்ட மின்சாரக் கார்: வாங்குமுன் பற்றரியைப் பாருங்கள்

முன்பக்கம் நொறுங்கிய நிசான் லீஃப் ஒன்றை நானும் மச்சானும் சேர்ந்து வாங்கித் திருத்தினோம். அதைக் கேள்விப்பட்டு விசாரிக்கிறவர்கள் எல்லோரும் பொனற் கிடைக்குமா, ஹெட்லைற் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் கிடைக்கும். பற்றரியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கொடுக்கிற காசில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது.

இந்த ஆசை ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. 2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதற்குள் பழைய கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் காப்புறுதி நிறுவனங்கள் கழித்துவிடும் விபத்து வாகனங்களைத் தேடுகிறோம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டிய ஊர் எங்களுடையது. திருத்துவது எங்கட ஆக்களுக்குப் புதிதல்ல. ஆனால், அந்தக் காரில் கைப்பிழை நடந்தால் கார் நின்றுவிடும். இதில் ஆளே போய்விடலாம்.

முதல் தலைமுறை லீஃபின் அடியில் கிட்டத்தட்ட 300 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் 48 தொகுதிகள், மொத்தம் 192 கலங்கள். இரண்டிரண்டாக இணைத்து 96 சோடிகளைத் தொடராகக் கோர்த்திருப்பதால் முழுச் சார்ஜில் 400 வோல்ற் அளவுக்கு வரும். இதைக் குளிரவைக்க விசிறியோ நீரோ கிடையாது. எங்கள் வெயிலுக்கு அது நல்லதல்ல. சூட்டில் கொள்ளளவு வேகமாகக் குறையும்.

டாஷ்போர்ட்டில் 12 கோடுகள் கொள்ளளவைக் காட்டும். சுமார் 15 வீதம் தேய்ந்த பிறகுதான் முதற்கோடு மறையும். எங்களுக்கு விற்றவர் அந்தக் கோடுகளைக் காட்டித்தான் "பற்றரி நல்லம்" என்றார். பற்றரிக் கட்டுப்பாட்டுக் கருவியை 'ரீசெற்' செய்தால் மறைந்த கோடுகள் திரும்பி வரும், சில வாரம் ஓடியபின் மறுபடி மறையும். ஆகவே புளூடூத் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, கைபேசியில் 'லீஃப் ஸ்பை' செயலியைத் திறந்து 96 சோடிகளின் வோல்ற்றையும் பாருங்கள். கார் ஓடும் நிலையில் இருந்தால் வேகம் கூட்டும்போதும் பாருங்கள். மற்றவை சமமாக நிற்க ஒன்று மட்டும் விழுந்தால், அந்தச் சோடி பலவீனம். ஒரு சோடி விழுந்தாலே பயணத் தூரம் முழுவதும் சுருங்கும்.

பெட்டி நெளிந்திருந்தாலோ, கார் வெள்ளத்தில், அதிலும் கடல்நீரில், நின்றிருந்தாலோ எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். 2022இல் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன.

செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடுவதற்கு முன் காரை நிறுத்தி, 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். பிறகு பின் இருக்கைக்கு முன்னால் தரைவிரிப்பின் கீழுள்ள சேவைச் செருகியை இழுத்தெடுத்து, குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 1000 வோல்ற் தாங்கும் இறப்பர் கையுறை கட்டாயம். அதன் பிறகும் பெட்டிக்குள் கலங்களில் மின் இருக்கும் என்பதைப் பல திருத்தகங்களில் சொல்லித் தருவதில்லை. பெட்டியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். அந்தக் காசில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேறொரு லீஃபின் பற்றரியை வாங்கிப் பூட்டினால் கார் உடனே அதை ஏற்காது. அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் காரோடு பதிய வேண்டும், அல்லது பழைய பெட்டியின் கருவியை புதியதற்குள் மாற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவரை முதலில் பிடித்துவிட்டுப் பற்றரிக்கு முற்பணம் கொடுங்கள்.

பத்திரத்தில் சேஸ் இலக்கம் பொருந்துகிறதா, லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். தூரத்தையும் கணக்குப் போடுங்கள். 2014 லீஃப் புதிதாக இருந்தபோதே அமெரிக்க அளவீட்டில் 135 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு சுமார் 140. எங்கள் கார் கிளிநொச்சி வரை போகும், திரும்ப அங்கே சார்ஜ் ஏற்ற வேண்டும்.