மதுரை எரிந்தது, சரி, மறுநாள்?

யார் யாரைத் தொடக் கூடாது என்று அக்கினித் தேவனுக்கே பட்டியல் கொடுத்தவள் கண்ணகி. அறவோர், பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் எல்லாம் அதில் உண்டு. அப்படித் தப்பித்த முதியவர்களும் குழந்தைகளும் அன்றிரவு எங்கே படுத்தார்கள்? சிலப்பதிகாரம் சொல்லவில்லை. அழற்படு காதை கூலக்கடைத் தெருவும் தேர் வீதியும் கலங்கியதைக் காட்டுகிறது. அடுத்த காதையில் மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறப்புக் கதையைத் தொடங்கிவிடுகிறது. பிறகு நாம் கேள்விப்படுவது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்ட செய்தி. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேர்!

கம்பர் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அனுமன் எரித்த இலங்கையை, யுத்த காண்டம் தொடங்கும்போதே தெய்வத் தச்சனை வைத்து முன்னிலும் அழகாகக் கட்டி முடித்துவிடுகிறார். எரிந்த ஊருக்கு உடனடி மறுவாழ்வுத் திட்டம் கிடைத்தது இராவணன் ஆட்சியில்தான்.

காண்டவ வனம், அரக்கு மாளிகை, திரிபுரம் எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவை, தாண்டிப் போகிறேன். என் குறை ஒன்றுதான். நம் கதைகளில் பெருந்தீ என்பது தீர்ப்பு அல்லது உச்சக்கட்டம். அது அணைந்ததும் கதாசிரியர் எழுந்து போய்விடுகிறார். வடசென்னையிலோ கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

இந்தப் பக்கத்தில் நெருப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் துறைமுகத்தோரம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. பயந்துபோன ஜனம் ஊரைக் காலி செய்து ஓடியது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியில் ஐந்தாண்டுகளாக 700 டன் அளவுக்கு அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது பலருக்கும் தெரிந்தது. அவசர அவசரமாக அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். த்ரில்லர் எழுதுகிறவர்கள் கவனிக்க.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1921. பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. வடசென்னையில் மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்துப் பகுதிதான் அது. தொழிற்சங்க வரலாறு, சாதி, வெள்ளைக்கார முதலாளி, துப்பாக்கிச் சூடு எல்லாம் ஒரே இடத்தில். ஒரு பெரிய நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கீழ்வெண்மணிக்கு அந்த நாவல் வாய்த்தது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் கருகிய அந்தக் குடிசையை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. புளியந்தோப்புக்கு அப்படி ஒரு புகழ்பெற்ற நாவல் என் கண்ணில் படவில்லை.

சினிமாவில் குடிசை எரிவது பெரும்பாலும் நாயகனுக்குக் கோபம் வர. ‘அசுரன்’ முன்கதையில் எரிகிறது, அரிவாள் எழுகிறது. ‘காலா’ மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அங்கே தாராவி எரிவது நிலத்துக்காக. எரிவது ஓலையும் தகரமும்தான். குறி அடியில் இருக்கும் தரை. தீ அணைந்த பிறகு நடப்பதையும் எழுதுங்கள் என்று திரைக்கதைக்காரர்களிடம் சொன்னால், ரேஷன் கார்டுக்கு அலைவதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள் என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

தரை என்றதும் மூலக்கொத்தளத்துக்கு வந்தாக வேண்டும். மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் புதைக்கப்பட்ட இடுகாடு இங்கேதான். அந்த இடுகாட்டு நிலத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டலாமா என்று சில ஆண்டுகளுக்கு முன் பெரிய சர்ச்சை நடந்தது. செத்தவருக்கும் இருப்பவருக்கும் இடப் போட்டி நடக்கிற பகுதியில் ஒரு வரிசைக் குடிசை எரிந்தால், அந்த இடம் யாருக்கு என்ற கேள்வி சாம்பல் ஆறும் முன்பே வந்துவிடும். சற்றுத் தள்ளி, 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக்காரர்கள் ‘லில்லி பாண்ட்’ பக்கம் போனார்கள். அந்த இடம் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையமாயிற்று. யாரையும் குற்றம் சொல்லவில்லை. எரிந்த இடம் எரிந்தவர்களிடம் திரும்பி வரவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்த காலத்தில், ஓலைக்குப் பதில் கான்கிரீட் என்பது பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே மாடி எழுப்பித் தருவதாக இருந்தது. 2000க்குப் பிறகு ஊர்க்கோடிக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் 15,000 வீடுகளுக்கு மேல் எழும்பிய அந்த மறுகுடியேற்றப் பகுதிக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். பெயர் வைத்தவர் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டும். மூலக்கொத்தளத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கூடையோடு நிற்க வேண்டிய பெண் எந்த பஸ்ஸைப் பிடிப்பாள்?

சிலிண்டர் வெடித்துப் பத்து வீடு போனால் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பார்கள். அரிசி வரும், வேட்டி சேலை வரும், கொஞ்சம் ரொக்கம் வரும். மூன்றாம் நாள் கணக்கெடுப்பு. கல்யாணமாகி அதே குடிசையில் தடுப்புக் கட்டி இருந்த மகன் தனிக் குடும்பமா, இல்லையா? கார்டு அம்மா பேரில். அம்மா செத்து இரண்டு வருஷம். வாடகைக்கு இருந்தவருக்கு டோக்கன் உண்டா, இல்லை குடிசைக்குச் சொந்தக்காரருக்கா? நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு பேர் அந்த ஒரு டோக்கனுக்காக ஒருவர் மேல் ஒருவர் ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்கள். இதில் யார் நாயகன், யார் வில்லன் என்று முடிவுகட்டத் தெரிந்த எழுத்தாளர் வேண்டும்.