சி மொழி நூல்களும் நன்னூலார் கூறும் நூற்குற்றமும்

கிருட்டினகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி, ஆந்திர, கருநாடக எல்லைகளை அடுத்த ஊர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்ற மாணவர், கல்லூரியிற் புகுந்ததும் சி என்னும் நிரல்மொழியை ஆங்கில நூல்கொண்டு கற்க நேர்கின்றது. எந்நூலைத் தேர்வது என்னும் வினாவுக்குப் பவணந்தியார் பொதுப்பாயிரத்துள் வகுத்த அளவுகோலே போதும் என்பது எம் துணிபு.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிசு ரிச்சியால் ஆக்கப்பெற்றது. அவரும் பிரையன் கெர்னிகனும் 1978-இல் இயற்றி 1988-இல் திருத்தியதே முதல்நூல். சுருங்கச் சொல்லல் என்னும் அழகு அதன்கண் நிறைவாக உண்டு. ஆயினும் மாறி, மடக்கு, செயற்கூறு முதலியன ஓரளவு அறிந்தார்க்கே அந்நூல் என ஆசிரியர்களே முன்னுரைத்தனர். ஆகலின் புதியவர்க்குக் கே. என். கிங் இயற்றிய விரிந்த வழிநூலின் இரண்டாம் பதிப்பே (2008) ஏற்றது. தமிழ்வழி வந்தோர் 2018-இல் வெளிவந்த மேனிலை முதலாண்டுக் கணினி அறிவியல் நூலையும் உடன்வைத்துக்கொள்ளலாம். அது கற்பிப்பது சி++ மொழியேனும், கலைச்சொற்களை ஒப்பிட்டறிய உதவும்.

பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தலே தேர்வு வழிகாட்டிகளில் மிகுதி. ஐந்து என்னும் மதிப்புடைய ஒரு மாறியை ஒரே தொடரில் இருமுறை ஏற்றிக் கூட்டி, விடை 12 என்பர். சி மொழியின் இலக்கணமோ அத்தொடர்க்கு எப்பொருளும் விதித்திலது. ஒரு நிரல்பெயர்ப்பி 12 தரலாம், மற்றொன்று வேறு தரலாம். இருபொருள்படும் தமிழ்த்தொடரை இடம்நோக்கித் தெளியலாம்; இதனைத் தெளிய இடமேயில்லை. இத்தகைய வினாவை மனப்பாடஞ் செய்தோர் மொழியைக் கற்றவராகார்.

இதனினும் கொடியது 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு. உள்ளீட்டின் நீளத்தை நோக்காது அணியின் எல்லை கடந்தும் அஃது எழுதிச்செல்லும். (அணி என்றது ஈண்டு அலங்காரமன்று, ஓரின மதிப்புகளின் வரிசை.) 1988 நவம்பரில் பரவிய மாரிசு புழு என்னும் நிரல், இவ்வழியையும் பற்றிக்கொண்டு இணையக் கணினிகள் பலவற்றை முடக்கிற்று. 2011-ஆம் ஆண்டுத் தர இலக்கணம் அச்செயற்கூற்றை அறவே நீக்கியது. அண்மையிலுள்ள ஓசூரில் ஊர்தித் தொழிற்சாலைகள் உள. ஊர்திகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளுள் இயங்குவனவும் பெரும்பாலும் சி நிரல்களே. எல்லை நோக்காது எழுதும் பழக்கம் அங்குத் தேர்வுத்தாளோடு நில்லாது.

ஆதலின் நூலைக் கையிலெடுத்ததும் பொருளடைவில் 'கெட்ஸ்' வருமிடத்தைப் பார்க்க. எச்சரிக்கையின்றி அதனைக் கற்பிக்கும் இக்கால நூலை விலக்கலாம். முதல்நூலின் இரண்டாம் பதிப்பும் எச்சரியாதே அதனைக் கூறிச்செல்கின்றது. அதன் காலம் நோக்க அதனைக் குற்றமென்னோம். அதனைப் பயில்வோர் அவ்விடத்து ஏட்டின் ஓரத்தில் 'வழக்கொழிந்தது, 2011' எனக் குறித்துக்கொள்க.