மின்வலுவும் வாக்குவலுவும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அடங்கியதே சப்பிரகமுவ மாகாணம். சிவனொளிபாத மலையையும் அதனையடுத்த உயர்நிலங்களையும் முட்டிப் பொழியும் மழை, களனி, களு, வளவை என மூன்று கங்கைகளாகத் திரண்டு இம்மாகாணத்தின் வழியே கடலை நாடுகின்றது. தேயிலையும் இறப்பரும் செழிக்கக் காரணமான அம்மழையே இலங்கையின் மின்சாரத்துக்கும் மூலமாயிற்று. நிலக்கரியோ எண்ணெயோ அகழப்படாத நாட்டில் வீழும் நீரே சுதேச எரிபொருள். எனினும் அணைக்கும் சுரங்கத்துக்கும் பொறிகளுக்கும் பெரும்பணம் வேண்டும்; அப்பணத்தை ஒதுக்கச் சட்டசபையின் இசைவு வேண்டும். ஆகவே இலங்கை மின்சாரத்தின் வரலாற்றைப் பொறியியல் நூல்களில் தேடுவோர் சபை நடவடிக்கைக் குறிப்புகளையும் புரட்டுதல் அவசியம்.

இவ்வரலாற்றின் முதல்வர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். களனியின் தாயாறுகளான மஸ்கெலியா ஓயாவையும் கெகல்கமு ஓயாவையும் நேரிற் கண்டறிந்த அவர், அவற்றின் வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின்முன் வாசித்த கட்டுரையில் நிறுவினார். குடியேற்ற அரசாங்கம் அதனை உடனே ஏற்கவில்லை. 1920களில் தொடங்கப்பட்ட வேலையும் இடைவழியில் நின்றது. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற விமலசுரேந்திர, 1931ஆம் ஆண்டு, சர்வசன வாக்குரிமையின் கீழ் நடந்த முதலாவது தேர்தலில் நின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவரைத் தெரிவு செய்த தொகுதி இரத்தினபுரி. அலுவலகக் கோப்புகளுக்குள் தோற்ற வழக்கைச் சபையில் வெல்லலாம் என அவர் எண்ணினார் என்று கொள்ள இடமுண்டு. நீர்வீழ்ச்சிக்காக வாக்குக் கேட்ட பொறியியலாளர் உலகில் எத்தனை பேரோ!

நீர்மின்சாரத்தின் செலவு அமையும் முறையை அறிந்தாலன்றி அன்றைய தயக்கம் விளங்காது. எண்ணெயால் இயங்கும் நிலையத்தை அமைப்பது ஒப்பளவில் மலிவு. அதற்குத் தீனி போடுவதே செலவு. அத்தீனியோ கப்பலில் வருவது. நீர்மின் நிலையத்தில் நிலைமை தலைகீழானது. செலவின் பெரும்பகுதி முதலிலேயே முடிந்துவிடும். பின்னர் நீருக்கு விலையில்லை. இதனால் முன்னதற்கு வாக்களிக்கும் உறுப்பினர் தம் காலத்திலேயே பயனைக் காட்டலாம். பின்னதற்கு வாக்களிப்பவர் இன்றைய வரிப்பணத்தை நாளைய தலைமுறைக்காகக் கேட்கவேண்டும். உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த 1930களில் அவ்வாறு கேட்பது எளிதன்று. அப்பத்தாண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கிய வேலையை உலகப்போர் தாமதப்படுத்தியது. 1950ஆம் ஆண்டிலேயே லக்ஸபான நிலையம் 25,000 கிலோவாட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது. 1958இல் அவ்வலு இரட்டித்தது. 1953இல் மறைந்த விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய நிலையம் நோட்டன் பிரிட்ஜில் 1965இல் எழுந்தது. கட்டுரை வாசித்த நாளுக்கும் முதல் விளக்கு எரிந்த நாளுக்கும் இடையே 32 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வாங்கி எரித்த கரியும் எண்ணெயும் தயக்கத்துக்கு நாடு செலுத்திய வட்டி.

இவ்வாக்கெடுப்புகளில் தோட்டத் தொழிலாளரின் குரலுக்கு இருந்த இடம் யாது? 1931ஆம் ஆண்டு வாக்குரிமை இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகளுடனேயே கிட்டியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அதனையும் பறித்தன. 1947இல் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் சிலர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவரும் செல்லவில்லை. லக்ஸபான மின்சாரம் மலையிறங்கிக் கொழும்பை அடைந்த காலமும் மலையில் வேலை செய்தோர் வாக்கிழந்த காலமும் ஒன்றே. களனிப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு மேலாக மின்கம்பிகள் சென்றன. கீழே லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மின்சாரம் தோட்டங்களுக்குப் புதிதென்று இதனாற் கருதலாகாது. லக்ஸபானவுக்கு நெடுங்காலம் முன்னரே பல தேயிலைத் தொழிற்சாலைகள் தத்தம் ஓடைகளை மறித்துச் சிறு நீர்ச்சுழலிகளை இயக்கின. கொழுந்தை வாட்டும் விசிறியும் அரைக்கும் உருளையும் அவ்வலுவால் ஓடின. துரையின் பங்களாவும் ஒளி பெற்றது. நாட்டின் பொது மின்தொடர் வந்தபின் அப்பொறிகளுட் பல கைவிடப்பட்டுத் துருவேறின. லயங்களுக்கு மின்சாரம் வரப் பின்னும் பல பத்தாண்டுகள் சென்றன. குடியிருக்கும் அறைக்கு உரித்துப் பத்திரமில்லாதவர் இணைப்புக் கேட்பதாயின் தோட்ட நிருவாகத்தின் சம்மதம் வேண்டியிருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

பெருநிலையங்களின் கதை 1992இல் பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவவில் எழுந்த 120 மெகாவாட் நிலையத்துடன் இரத்தினபுரி மாவட்டத்தைத் தொட்டது. அந்நீர்த்தேக்கத்தின் ஒரு பக்கத்திலிருந்து நீர் கசிவது பலரும் அறிந்ததே. 1990களின் பிற்பாதியிலிருந்து சிறு நீர்மின் நிலையங்களின் காலம் தொடங்கியது. 10 மெகாவாட்டுக்கு மேற்படாத தனியார் நிலையங்களிலிருந்து மின்சார சபை பொது ஒப்பந்த முறையில் வலுவை வாங்க முன்வந்தது. சப்பிரகமுவவின் ஓடைகள் பலவும் குழாய்களுட் புகுந்தன. ஆரம்பத்தில் விலை கணித்த முறை விசித்திரமானது: சபை எரிக்காமல் மிச்சப்படுத்தும் எண்ணெயின் பெறுமதியே ஓடைநீரின் விலை. வளைகுடாவில் எண்ணெய் ஏறினால் இறக்குவானையில் மழையும் விலையேறிற்று! அம்முறை பிற்காலத்தில் மாற்றப்பட்டது. வருமானம் நிலையத்தை நிறுவியோருக்குரியது. ஓடை வற்றுவதால் வரும் குறைகளோ கீழ்ப்புறத்தில் வாழ்வோருக்குரியவை.

2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது பழைய கேள்வி புதிய உருவில் எழுந்தது. அவ்வாண்டு யூன் 9ஆம் நாள் மின்சாரச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் 120 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தோர் 36 பேர். புதுப்பிக்கத்தக்க வலுத் திட்டங்களுக்குப் போட்டிக் கேள்விமுறை கட்டாயம் என்பதை அது நீக்கியது. 10 மெகாவாட்டுக்கு மேற்பட்டவற்றுக்காவது கேள்விமுறை வேண்டும் என்ற எதிர்க்கட்சியின் யோசனை தோல்வியுற்றது. சுதேச உற்பத்தியை விரைவுபடுத்துவதே நோக்கம் எனப்பட்டது. விரைவு வேண்டியதே, 32 ஆண்டுகள் காத்த நாடு அதனை மறுக்கவியலாது. ஆயின் விலையைக் குறைக்கும் போட்டியை விட்டுக்கொடுத்து வாங்கிய விரைவின் செலவு பாவனையாளரின் பற்றுச்சீட்டிலேயே வந்து சேரும்.

அப்பற்றுச்சீட்டை நோக்குவோம். 2014 முதல் மாறாதிருந்த கட்டணப்படி, மாதம் 30 அலகு பாவிக்கும் வீடு அலகுக்கு இரண்டரை ரூபாவும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் சேர்த்து 105 ரூபா செலுத்தியது. 2022 ஓகத்தில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ருவரியில் 1300 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளரின் அன்றைய நாட்சம்பளம் 1000 ரூபா. இரண்டு விளக்கும் ஒரு வானொலியும் உள்ள அறைக்கு, முன்னர் நாட்சம்பளத்தின் பத்திலொரு பங்கு போதுமாயிருந்த இடத்தில், ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்த கூலியும் போதாதாயிற்று.

இக்கட்டணத்தைப் பாராளுமன்றம் நேராக நிர்ணயிப்பதில்லை. அப்போது நடைமுறையிலிருந்த 2009ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அப்பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவினதாயிருந்தது. அரசியல்வாதியின் கைக்கு எட்டாத இடத்தில் விலை இருக்கவேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து. பெப்ருவரி உயர்வை ஆணைக்குழுவின் தலைவர் வெளிப்படையாக எதிர்த்தார். 2023 மே 24ஆம் நாள் அவரைப் பதவி நீக்கும் பிரேரணை 77க்கு எதிராக 123 வாக்குகளால் நிறைவேறியது. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளின் தராதரம் எதுவாயினும், விலையைச் சபைக்கு வெளியே வைத்த சட்டத்துக்குள் சபை வேறு வாயிலாற் புகுந்ததை அன்று நாடு கண்டது. இம்முறை தோட்ட மக்களின் பிரதிநிதிகளும் அச்சபையில் அமர்ந்திருந்தனர்.

அவ்வாண்டு யூலை முதல் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்து, 2024 யூலையில் அதே 30 அலகுக்கு 280 ரூபாவாயிற்று. நீர்மின் உற்பத்தி பெருகியமை அக்குறைப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று.